வெயிலில் காய்ந்த குரல்

கிரேஸ் வீட்டில் பேட்டரிக் கட்டைகளுக்கு ஒரு முறை உண்டு. புதுக் கட்டை வாங்கினால் அது முதலில் டார்ச் லைட்டுக்குப் போகும். கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. அந்தப் பக்கம் பாம்பு நடமாட்டம் உண்டு என்பதை வீட்டுக்காரர் வாடகை பேசும்போதே நல்ல மனதோடு சொல்லிவிட்டார். அதனால் வெளிச்சத்தில் சிக்கனம் பார்க்க முடியாது. டார்ச்சின் வெளிச்சம் மஞ்சளடித்ததும் கட்டைகள் டிரான்சிஸ்டருக்கு மாறும். அதில் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்ததும் அவற்றை வெளியே எடுத்து, மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய முறத்தில் அடுக்கிக் காயவைப்பாள். சித்தூர் வெயிலுக்குச் செத்த கட்டையும் கொஞ்சம் கண் விழிக்கும். அப்படிக் கண் விழித்த கட்டைகள்தாம் கடைசியில் அவள் கணவர் தியோடரின் ரெக்கார்டு பிளேயருக்குள் போகும், அண்ணன் போட்டுத் தேய்த்த சட்டை தம்பிக்கு வருவதுபோல. வீட்டுக்காரர் விளக்குக்கு மட்டும்தான் கரண்ட் விட்டிருந்தார். பிளக் வைக்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே அந்தப் பிளேயர் கட்டையை நம்பியே காலம் தள்ளியது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு புதுக் கட்டையின் முகத்தைக்கூட அது பார்த்ததில்லை.

இதைக் குறையாக யாரும் நினைக்கவில்லை. தியோடர் கலெக்டர் ஆபீசில் கிளார்க். அவரிடம் ஏழு எல்.பி. ரெக்கார்டுகள் இருந்தன. ஏழும் நிதானமான ரெக்கார்டுகள். இசை என்றால் நிதானம் என்பது அவர் கட்சி. கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கியில் கேட்கிற பாட்டும், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் கேட்கிற பாட்டும் அவருக்கு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் பேச்சுபோலத் தோன்றும். "இன்னாத்துக்கு இப்படி அவசரப்படறானுங்க? பாட்ட முடிச்சிட்டு எங்க போவப் போறானுங்க?" என்பார். சினிமாப் பாட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார்.

ஏழில் ஒன்றுதான் அவருக்கு உயிர். மதராசில் மூர் மார்க்கெட்டில், மேலட்டை பாதி கிழிந்த நிலையில் வாங்கியது. "ஐந்தாவது தெரு" என்று பெயர் வைத்துக்கொண்ட நாலைந்து காலேஜ்காரர்கள், எந்தக் கம்பெனியையும் கேட்காமல் தாங்களே பாட்டெழுதி, கிடார் வாசித்து, கைக்காசு போட்டு அடித்த ரெக்கார்டு அது. பெயர் "மாடிப்படி". நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் குழுவின் பெயரும் பாட்டுகளின் பெயரும் மட்டும் இருந்தன. பாடியவர் பெயர் கிழிந்துபோன அட்டையில் இருந்திருக்க வேண்டும்.

பெயர் தெரியாத அந்தப் பாடகர்மேல் தியோடருக்கு இருந்த பக்தியைப் பார்த்தால் போதகருக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும். கிணற்றடியிலிருந்து வருவதுபோன்ற குரல். ஒரு சொல்லை எடுத்தால் அதைக் கீழே வைக்க அவருக்கு மனமே வராது. "இவரு பெரிய வயசாளி இல்ல கிரேஸு. ஆனா வாழ்க்கையில நெறைய அடிபட்டிருக்காரு. அடிபடாதவனுக்கு இந்தக் குரல் வராது" என்பார். "ஜன்னல் கம்பி" என்ற பாட்டில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது ஜடை கம்பியில் சிக்கிக்கொண்டதாக ஒரு வரி வரும். ஆம்பளைக்கு எங்கிருந்து ஜடை என்று கிரேஸ் ஒருமுறை கேட்டுவிட்டாள். தியோடர் பொறுமையாக விளக்கினார்: ஜடை என்பது பந்தபாசம், ஜன்னல் கம்பி என்பது உலகம்.

"பஸ்ஸு?" என்றாள் கிரேஸ்.

"பஸ்ஸு பஸ்ஸுதான்" என்றார் அவர்.

சர்ச்சுப் பாடகர் குழுவிலும் அவர் அந்த நிதானத்தையே கடைப்பிடித்தார். குழுத்தலைவர் கிருபானந்தம் ஒருநாள் கிரேஸை வாசலிலேயே நிறுத்தி, "அம்மா, சபையே ஆமென் சொல்லிட்டு உக்காந்துடுச்சி. உங்க ஊட்டுக்காரரு மட்டும் மூணாவது சரணத்துல நின்னுக்கினு இருக்காரு. அவர வேதனப்படுத்தக் கூடாது, ஆனா இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பக்கத்து வீட்டு ஜெயகுமாரிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாக்கா, உங்க ஊட்டுப் பிளேட்டு இன்னிக்கும் அழுவுதா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா அதுக்கு?" என்பாள்.

சித்தூரில் தியோடரின் பேச்சைக் கேட்க ஆளில்லை. ஆபீசில் அவர் "மாடிப்படி" என்று ஆரம்பித்தால் பக்கத்து மேஜைக்காரருக்கு உடனே டீ குடிக்கத் தோன்றும். அதனால்தான் திருப்பதியிலிருந்து உமாபதி அழைத்தபோது அவர் குழந்தைபோல ஆகிவிட்டார். உமாபதி நகரி நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தறியை விட்டுவிட்டுத் திருப்பதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். இரண்டாம் சனிக்கிழமை தோறும் கடைக்கு மேல்மாடியில் ரெக்கார்டுப் பிரியர்கள் கூடுவார்கள். ஒருவர் ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்து போட்டு, அதைப் பற்றிப் பேச வேண்டும். இந்த மாதம் தியோடரின் முறை.

அவர் பத்துப் பக்கம் எழுதினார். "ஆழ்ந்த குரலும் அமைதியும்" என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டார். எழுதியதைக் கிரேஸுக்குப் படித்துக் காட்டினார். அவள் அரிசி களைந்துகொண்டே, கீரை ஆய்ந்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக மனதுக்குள் பூட்டி வைத்ததை இவர் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் திறக்கப் போகிறார். அங்கேயும் சிரித்துவிட்டார்களானால் அப்புறம் அந்தப் பிளேயரின் மூடியைத் திறக்க மாட்டார். மூடி திறக்காத தியோடரோடு குடும்பம் நடத்துவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். போகிற இடத்தில் அவர் பிளேயர் கம்பீரமாக ஓட வேண்டுமே என்று வெள்ளிக்கிழமை கடைத்தெருவுக்குப் போய், யாருக்கும் சொல்லாமல், ஆறு புதுக் கட்டைகள் வாங்கி வந்தாள். தியோடர் ஆபீசில் இருந்தார். கட்டைகளைப் போட்டாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க "மாடிப்படி"யை வைத்து முள்ளை இறக்கினாள்.

யாரோ ஒரு பெண் பாடினாள்.

இருபது இருபத்தொரு வயது இருக்கும். துள்ளிக்கொண்டு பாடினாள். கிடார் அவளுக்குப் பின்னால் ஓடியது. கிரேஸ் பதறிப்போய் முள்ளைத் தூக்கினாள். வேறு ரெக்கார்டை வைத்துவிட்டோமோ என்று வட்டத் தாளைப் பார்த்தாள். "மாடிப்படி"தான். மறுபடி வைத்தாள். மறுபடி அதே பெண். பஸ்ஸில் போகிறாள், ஜன்னலோரம் உட்காருகிறாள், ஜடை கம்பியில் சிக்கிக்கொள்கிறது, பின்சீட்டில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள். பந்தபாசமும் இல்லை, உலகமும் இல்லை.

"அக்கா!" என்று சுவருக்கு மேலிருந்து ஜெயகுமாரியின் தலை வந்தது. "யாருக்கா அந்தப் பொண்ணு? நல்லா பாடுதே! புதுப் பிளேட்டா?"

"பழசுதான்" என்றாள் கிரேஸ்.

"பழசா? அப்ப இத்தினி நாளா இந்தப் பொண்ண எங்க ஒளிச்சி வச்சிருந்தீங்க?"

கிரேஸ் புதுக் கட்டைகளை எடுத்துவிட்டு, முறத்தில் இருந்த பழைய கட்டைகளைப் போட்டாள். அந்தப் பெண் மெல்லக் கிணற்றுக்குள் இறங்கினாள். அடிபட்ட மனிதர் மேலே வந்தார். கிரேஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் புருஷனை இத்தனை வருஷம் மயக்கி வைத்திருந்த அந்த ஆள்மேல் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. இப்போது பார்த்தால் அப்படி ஒரு ஆளே இல்லை. அவனை வடகத்தோடு வடகமாக மொட்டை மாடியில் காயவைத்து எடுத்ததே அவள்தான்.

சாயங்காலம் தியோடர் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "கிரேஸு, ஆறாவது பக்கத்துல ஒண்ணு சேத்திருக்கேன் கேளு. 'இந்தக் குரலைக் கேட்ட பிறகு ஆண்மை என்பது அதட்டல் அல்ல, அடக்கம் என்று உணர்கிறோம்.' எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது" என்றாள். பிறகு தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே, "ஏங்க, ஒருவேள அது பொம்பளையா இருந்தா?" என்றாள்.

தியோடர் தண்ணீர் புரையேறச் சிரித்தார். "பொம்பளையா? உன் காத டாக்டர்கிட்ட காட்டணும்."

"கட்டை பழசா இருந்தா கொஞ்சம் மெதுவா ஓடுமே, அதனால..."

"கிரேஸு, நான் வாழ்நாள் பூரா கேட்டுக்கினு இருக்கேன். கட்டைக்கும் கலைக்கும் இன்னா சம்பந்தம்? போய் தோசை ஊத்து."

அவள் போய் தோசை ஊற்றினாள். ஊற்றும்போதே ஒரு முடிவுக்கும் வந்தாள். எப்படியாவது அங்கே இவருடைய பிளேயரில்தான் போட வைக்க வேண்டும், பழைய கட்டைகளோடு. புதுக் கட்டைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் திருப்பதி பஸ்ஸில் ரெக்கார்டு தியோடரின் மடியிலும் பிளேயர் கிரேஸின் மடியிலும் இருந்தன. உமாபதியின் மாடியில் பாய் விரித்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் மருந்துக்கடை ரங்கையா, தெலுங்குக்காரர், எது போட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். கண் மூடியிருப்பது ரசனையா தூக்கமா என்பது அந்த வட்டத்தில் தீராத வழக்கு. மூலையில், இரண்டு பக்கமும் பீரோ மாதிரி ஸ்பீக்கர் பெட்டிகளோடு, உமாபதி தன் கையாலேயே சேர்த்துக் கட்டிய கரண்ட் மிஷின் நின்றது. அதைப் பார்த்ததும் கிரேஸ் கையிலிருந்த பிளேயரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ரண்டி ரண்டி சாரு" என்று வரவேற்றார் உமாபதி. "தங்கச்சி, அத ஏம்மா தூக்கிக்கினு வந்தே? இங்க நம்ம மிஷினு இருக்குதே."

"இல்லண்ணா, இவருக்கு இதுலதான் கேட்டுப் பழக்கம்" என்றாள் கிரேஸ்.

"பழக்கம்னா? ஊட்டுக்கு வந்த மாப்பிளைய சொந்தச் சோறு கட்டிக்கினு வான்னு சொல்லுவாங்களா? குடுங்க சாரு பிளேட்ட."

"வேணாண்ணா, இதுலயே..."

"கிரேஸு" என்றார் தியோடர் மெல்ல. பெருமையில் அவர் முகம் சிவந்திருந்தது. "பெரிய மிஷின்ல போடட்டும். அவர் குரலுக்கு இது தகும்."

அதற்குமேல் அவள் என்ன செய்ய முடியும்? உமாபதி ரெக்கார்டைத் துணியால் துடைத்து வைத்தார். தியோடர் பத்துப் பக்கத்தையும் சீராகத் தட்டி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி, "வாழ்க்கையில அடிபட்ட ஒரு பெரிய மனுஷர் பாடறாரு. குரலைக் கவனிங்க" என்றார்.

அந்தப் பெண் வந்தாள். கிரேஸ் வீட்டில் வந்ததைவிடப் பெரிதாக, இரண்டு பெட்டிகளையும் நிறைத்துக்கொண்டு வந்தாள். ஜடை சிக்கியது, சிரித்தாள்.

தியோடரின் கை உயர்ந்தபடியே நின்றது. ரங்கையா கண்ணைத் திறந்தார். அது அந்த வட்டத்தில் அபூர்வமான நிகழ்ச்சி. "ஏமண்டி, இதி ஆடவாள்ள கொந்து கதண்டி!" என்றார். பிறகு தமிழ்க்காரர்களுக்காக, "பொண்ணு கொரலு சார் இது. நீங்க யாரோ பெரியவர் பாடறாருன்னு சொன்னீங்களே?" என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உங்க மிஷினு ஓடுது" என்றார் தியோடர். "வேகமா ஓடுது."

உமாபதி கோபித்துக்கொள்ளவில்லை. ரிப்பேர்க்காரருக்கு இது தினசரிப் பேச்சு. எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு நாதஸ்வர ரெக்கார்டை எடுத்து ஒரு நிமிஷம் போட்டார். நாதஸ்வரம் கோயிலில் கேட்கிற மாதிரியே கேட்டது. அதை எடுத்துவிட்டு, "உங்க மிஷின்ல இன்னா கட்டை போடறீங்க சாரு?" என்று மட்டும் கேட்டார்.

தியோடர் கிரேஸைப் பார்த்தார். அவள் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அவர் அதை மெதுவாக, தன் வழக்கப்படி, ஒரு வரி விடாமல் படித்தார். கிரேஸுக்குத் தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். பிளேயரைத் தூக்கிக்கொள்ளத் தயாரானாள்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றார் தியோடர்.

உமாபதி போட்டார். இந்தத் தடவை தியோடர் கையை உயர்த்தவில்லை. தலையைக் கவிழ்த்து, அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டார். பாட்டு முடிந்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று பத்துப் பக்கத்தையும் கையில் எடுத்தார்.

"மொதல் பக்கம் குரலோட ஆழத்தப் பத்தி" என்றார். அந்தத் தாளை எடுத்துப் பாயில் வைத்தார். "ரெண்டாவது மூணாவதும் அதேதான்." அவற்றையும் வைத்தார். "நாலாவது, நிதானத்தப் பத்தி. அஞ்சாவது, கிடார் ஏன் யானை நடக்கிற மாதிரி நடக்குதுன்னு." வைத்தார். ஆறாவது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது ஆண்மையப் பத்தி. இத வெளிய சொல்ல வேணாம்." ரங்கையா வாயைப் பொத்திக்கொண்டார். ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் பாய்க்குப் போயின. கடைசித் தாள் மட்டும் கையில் மிஞ்சியது. தியோடர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுல, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல சத்தமில்லாம ஒரு எடம் வருது பாருங்க, அதப் பத்தி ஒரு பத்தி எழுதியிருக்கேன். அது மட்டும் இப்பவும் சரியா இருக்குதுன்னு நெனைக்கிறேன். படிக்கட்டுமா?"

அறையே வெடித்துச் சிரித்தது. கிரேஸ் பயந்து நிமிர்ந்தாள். ஆனால் சிரிப்பின் நடுவில் நின்ற தியோடரும் சிரித்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்க, கண்ணாடி நழுவ. அந்த ஒரு பத்தியைப் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ரங்கையா கண் திறந்தபடியே கேட்டு, "பாகுந்தி சார்! நெஜமா நல்லா இருக்குது" என்றார்.

"அது கெடக்கட்டும்" என்றார் உமாபதி. "நீங்க இத்தினி வருஷம் கேட்டுக்கினு இருந்தீங்களே, அந்தப் பெரியவரு. அவர நாங்க பாக்க வேணாமா? எடும்மா தங்கச்சி உன் மிஷின."

கிரேஸ் பிளேயரைத் திறந்தாள். வெயிலில் காய்ந்த கட்டைகளின் மேல் ரெக்கார்டு சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. அடிபட்ட மனிதர் பாடினார். சிலர் சிரிப்பை அடக்கினார்கள். ஒருவர், "தூக்கத்துல எழுப்பி உட்டா மாரி இருக்குது" என்றார். உமாபதியின் மனைவி அலர்மேல்மங்கை, கீழே அடுப்படியில் முதல் பாட்டையும் கேட்டுவிட்டுக் காபித் தட்டோடு வந்தவள், படியிலேயே நின்றுவிட்டாள். பாட்டு முடிந்ததும், "அதே பொண்ணுதான்" என்றாள். "புள்ளைங்கள எல்லாம் கட்டிக் குடுத்துட்டு, அம்பது வயசுல ஒக்காந்து அதே பஸ்ஸ நெனைச்சிக்கினு பாடறா. காபி ஆறுது, எடுத்துக்கோங்க."

தியோடர் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்க மறந்து, அந்தம்மாள் இறங்கிப் போன படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டியதும் அவர் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நேத்து."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேனே. காத டாக்டர்கிட்ட காட்டச் சொன்னீங்க."

அவர் அதை ஒப்புக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினார். பாகாலா வந்தது, முறுக்குக்காரன் ஏறி இறங்கினான். பஸ் மறுபடி கிளம்பியதும் தியோடர் உற்சாகமாகத் திரும்பினார். முகத்தைப் பார்த்ததுமே, இன்னொரு பத்துப் பக்கம் உள்ளே தயாராகிவிட்டது என்று கிரேஸுக்குத் தெரிந்தது. "கிரேஸு, ஒரே பிளேட்டுல ரெண்டு பேரு! எவனுக்குக் கெடைக்கும்? காலையில அந்தப் பொண்ணு, சாயங்காலம் அவரு. உனக்கு எது புடிச்சிருக்குது? நெஜமா சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரெக்கார்டு விஷயத்தில் அவளுக்கு எது பிடிக்கும் என்று அவர் கேட்டது அதுவே முதல் தடவை. கிரேஸ் கொஞ்சம் யோசித்தாள். இன்றைக்குப் பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

"ரெண்டும் இல்லங்க. எனக்கு சினிமாப் பாட்டுதான் புடிக்கும்."

தியோடர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்பலருந்து?"

"சின்ன வயசுலருந்து. ஜெயகுமாரி ஊட்டு ரேடியோவுல கேப்பேன். நீங்க ஆபீசுக்குப் போனப்புறம்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியில் இருந்த ரெக்கார்டை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வருகிறதா என்று கிரேஸ் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"எந்தப் பாட்டு?" என்றார் கடைசியில்.

"சொன்னா சிரிப்பீங்க."

"இன்னிக்கி நான் யாரப் பாத்து சிரிக்க முடியும், நீயே சொல்லு?"

கிரேஸ் முன்சீட்டில் யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் பக்கம் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பாட ஆரம்பித்தாள்.